முதுகில் விதை சுமந்த விலங்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், மண்டகப்பட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘குறிஞ்சிப்பாட்டில் மலர்கள்’ என்னும் தலைப்பில்தான் நான் பேசுவேன் என்று விழாக் குழுவினர் எதிர்பார்த்தனர். முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவனிடம் அதை எதிர்பார்ப்பது முறையே. ஆயினும் நான் வேறொரு தலைப்பைக் கேட்டுப் பெற்றேன். ஜப்பான் நாட்டில் பிறந்த ஒரு வீடியோ விளையாட்டில் வரும் ஒரு சிறு பச்சை விலங்கைப் பற்றி இன்று பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான், அதன்பின் சினந்தவன், அதன்பின் நாணியவன். அந்த மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டால் என் உரை முடிந்துவிடும். இடையில் குறிஞ்சிப்பாட்டும் வந்து சேரும். அதை விட்டுப் போக என்னால் இயலாது.

நம் வட்டத்தின் ஆறாம் ஆண்டுக் கூட்டத்தில், கைப்பொறி விளையாட்டுகளால் தமிழ்ப் பிள்ளைகள் கெட்டழிகிறார்கள் என்று நான் முழங்கியது உங்களில் சிலர்க்கு நினைவிருக்கும். கைதட்டலும் கிடைத்தது. அந்த உரைக்குக் காரணமாய் இருந்தவன் என் பேரன். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், திண்ணையில் அமர்ந்தபடி ஒரு சிறு திரையையே நோக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக் கொல்லையில் முருங்கை பூத்திருப்பதையும் அவன் பார்க்கவில்லை. நான் அழைத்ததையும் கேட்கவில்லை. பொறியைப் பிடுங்கிப் பரண்மேல் வைத்தேன். மூன்று நாள் அவன் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் என் மனைவி அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். கையில் வாங்கியவன் அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து நின்றான்.

“தாத்தா, மூணுல ஒண்ணு எடுக்கணும். நீங்க எதை எடுப்பீங்க?”

திரையில் மூன்று விலங்குகள் நின்றன. ஒன்று வாலில் நெருப்பு எரியும் பல்லியினம். ஒன்று நீர் உமிழும் ஆமை. மூன்றாவது, நான்கு காலில் தவளைபோல் குந்தியிருக்கும் பச்சை உயிர். அதன் முதுகில் பெரியதொரு பூண்டுபோல் ஏதோ இருந்தது. அது என்னவென்று கேட்டேன்.

“விதை, தாத்தா. அது பொறக்கும்போதே முதுகுல நட்டிருக்கும். அதுகூடவே வளரும்.”

நான் அதைத் தேர்ந்தேன். அவன் நெருப்பு விலங்கை எடுக்க எண்ணியிருந்தான். ஆயினும் எனக்காகப் பச்சையையே எடுத்தான். இப்படித்தான் அறுபத்தைந்து வயதில் எனக்கு அந்த விலங்கோடு உறவு ஏற்பட்டது.

அவ்விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனத்தின் ‘கேம் பாய்’ என்னும் கைப்பொறிக்காக அது வெளியாயிற்று. சட்டைப்பைக்குள் அடங்கும் பூதங்கள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரைச் சுருக்கிப் ‘போக்கெமான்’ என்றனர். ஊர்தோறும் காடுதோறும் அலைந்து, அங்கு வாழும் விந்தை உயிர்களைக் கண்டு, பிடித்து, வளர்த்து, பட்டியலில் சேர்ப்பதே ஆட்டம். முதல் ஆட்டத்தின் உயிர்கள் 151. இன்று அவற்றின் தொகை ஆயிரத்தைக் கடந்துவிட்டது.

இதைப் படைத்தவர்களுள் முதன்மையானவர் 1965இல் பிறந்த சாத்தோஷி தாஜிரி. தோக்கியோவின் புறத்தே மச்சிதா என்னும் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் வண்டு பிடிப்பதில் பேரார்வம் உடையவர். அவர் வளர வளரக் குளங்களும் வயல்களும் வீடுகளாயின, வண்டுகள் மறைந்தன. வண்டு பிடிக்கும் இன்பத்தை, வண்டே இல்லாத ஊரில் வளரும் பிள்ளைக்கு ஒரு பொறிக்குள் வைத்துக் கொடுக்க இயலுமா என்ற எண்ணம் இவ்விளையாட்டின் வேர்களுள் ஒன்று. இச்செய்தியை அறிந்தபோது என் சினம் சற்றே தணிந்தது. இயற்கையை மறக்கச் செய்வது என்று நான் வைத உருப்படி, இயற்கையை இழந்த ஒருவரின் ஏக்கத்தில் பிறந்ததாக இருந்தது.

இனி நம் பச்சை விலங்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் பல்பசார். அவ்வுயிர்களின் பட்டியலில் முதல் எண் அதற்கே உரியது. பயிற்சியால் அது பதினாறாம் படியை எட்டும்போது முதுகிலுள்ள கிழங்கு விரிந்து மொட்டாகும். பெயரும் ஐவிசார் என மாறும். முப்பத்திரண்டாம் படியில் மொட்டு மலர்ந்து பெரும்பூவாகும். அப்போது அது வீனசார். வெயிலில் கிடந்து ஒளியை உள்வாங்கி வலிமை பெறுவதாக ஆட்டத்தின் குறிப்புகள் கூறுகின்றன. விலங்கு நடக்கிறது; செடி வெயிலைச் சமைக்கிறது; இரண்டும் ஓருடல்.

ஜப்பானிய மொழியில் அதற்கு வழங்கும் பெயர் இன்னும் சுவையானது: ‘ஃபுஷிகிதானே’. ‘ஃபுஷிகி’ என்றால் விந்தை. ‘தானே’ என்றால் விதை. எனவே ‘விந்தை விதை’. ஆயின் அதே ஒலியை வேறு வகையாகப் பிரித்தால் ‘விந்தையாய் இருக்கிறது, இல்லையா?’ என்று பொருள்படும். தமிழில் சொன்னால், ‘விந்தைதானே?’ அவர்களுடைய ‘தானே’யும் நம்முடைய ‘தானே’யும் ஒலியில் ஒன்றாய் வந்து விழுந்திருப்பது தற்செயல். இதை வைத்து இருமொழிக்கும் உறவு நாட்ட நான் புறப்படவில்லை. அந்தப் பெருமுயற்சியைத் தம் வாழ்நாள் பணியாகச் செய்த பேராசிரியர் சுசுமு ஓனோ 2008இல் மறைந்தார். அவர் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் உளர். ஆயினும் ஒரு சிலேடை ஜப்பானில் புறப்பட்டுச் செஞ்சி வட்டத்துத் திண்ணையில் பொருள்பட வந்து நின்றது எனக்கு மகிழ்ச்சியே.

செடியும் விலங்கும் கலந்த உருவம் நமக்குப் புதிதன்று. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள தளவானூர்க் குடைவரையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் முகப்பில் மகேந்திரவர்மன் காலத்து மகரதோரணம் உள்ளது. மகரம் என்பது நீர்விலங்கு. ஆனால் நம் சிற்ப மரபில் அதன் வால் வாலாகவே முடிவதில்லை. கொடியாகவும் இலையாகவும் கருக்காகவும் சுருண்டு விரிந்து, எங்கே விலங்கு முடிகிறது, எங்கே கொடி தொடங்குகிறது என்று கண் தடுமாறும்படி அமைகிறது. கோயில் தோரணத்தின்கீழ் நாள்தோறும் நுழைந்து செல்லும் நாம், அதை ஒரு பிள்ளையின் திரையில் கண்டதும் அயலார் கூத்து என்கிறோம்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்தார். தொடு உணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவுயிர், நத்தையும் சிப்பியும் ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் வண்டும் நாலறிவின, விலங்குகள் ஐயறிவின, மாந்தர் ஆறறிவினர். இதில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மரம் இவ்வரிசைக்கு வெளியே இல்லை, முதற்படியில் நிற்கிறது. நமக்கும் அதற்கும் இடையே இருப்பது படிகளேயன்றிச் சுவரன்று. என் பேரனின் பச்சை விலங்கை இவ்விலக்கணத்தில் எங்கே வைப்பது? ஓரறிவும் ஐயறிவும் ஒரே தோலுக்குள் வாழ்கின்றன. உரையாசிரியர்கள் கண்டிருந்தால் ஒரு நீண்ட விளக்கம் எழுதியிருப்பார்கள்.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் இயலாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986இல் அப்பகுதி தேசியக் கடற்பூங்கா ஆயிற்று. அத்தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளம் கல்லன்று, செடியன்று, அது விலங்கு. ஆயினும் அதன் திசுக்களுக்குள்ளே நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலிலிருந்து உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது; பவளம் பாசிக்குத் தங்க இடம் கொடுக்கிறது. கடல்நீர் அளவுக்குமேல் சூடேறினால் இவ்வுறவு முறிகிறது, பாசி வெளியேறுகிறது, பவளம் வெளுக்கிறது, வெப்பம் நீடித்தால் மடிகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பவளங்கள் வெளுத்தன. தன்னுள் வளரும் செடியை இழந்த விலங்கு பிழைப்பதில்லை என்பது, தமிழ்நாட்டின் கரையிலேயே நடக்கும் செய்தி.

இப்போது குறிஞ்சிப்பாட்டுக்கு வருகிறேன்.

ஒரு வைகாசி மாலையில் பேரனை இம்மண்டகப்பட்டுப் பாறைக்கு அழைத்து வந்தேன். வாயிற்காவலர் சிற்பங்களைக் காட்டினேன். கல்வெட்டின் பொருளை விளக்கினேன்: செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி, பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் எடுத்த இலக்ஷிதம் என்னும் கோயில் இது என்று. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களுள் ஒன்று விசித்திரசித்தன். விந்தையில் தோயும் சிந்தை உடையவன். பேரன் கேட்டான்: “மரம் ஏன் வேணாம்னாரு?” மரம் மக்கிப்போகும், கல் நிலைக்கும் என்றேன். அவன் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “ஆனா செடி கல்லை ஜெயிச்சிடும் தாத்தா” என்றான்.

ஆட்டத்தின் விதியைத்தான் சொன்னான். அங்கே நெருப்பு செடியை வெல்லும். நீர் நெருப்பை வெல்லும். செடி நீரை வெல்லும். அத்துடன் செடி பாறையையும் வெல்லும். முதற்கோட்டையின் தலைவன் கல் விலங்குகளையே வைத்திருப்பான். பச்சை விலங்கை எடுத்த பிள்ளை அவனை எளிதில் வென்றுவிடும். நான் மறுக்கவில்லை. கோயில் விமானத்தில் பறவை இட்ட எச்சத்திலிருந்து முளைத்த ஆலும் அரசும் கற்களைப் பிளந்து தள்ளுவதை நாம் காணாததா? இதே மாவட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. மரம் கல்லாவதையும், மரம் கல்லைப் பிளப்பதையும், மரமே வேண்டாமென்று ஒருவன் கல்லைக் குடைந்ததையும் ஒருநாள் நடையில் பார்த்துவிடக்கூடிய நிலம் இது.

பாறையடியில் செடிகள் மண்டிக் கிடந்தன. பேரன் ஒன்றைக் காட்டி, “இது பேரு என்ன தாத்தா?” என்றான். தெரியவில்லை. இன்னொன்று, தெரியவில்லை. வெண்பஞ்சுபோல் சிறு கதிர் விட்ட ஒன்று, தெரியவில்லை. வேலியில் படர்ந்து நீலப்பூப் பூத்த கொடி. எங்கோ பார்த்த நினைவு, பெயர் நாவில் வரவில்லை. எருக்கும் ஆவாரையும் தும்பையும் சொன்னேன். அதற்குமேல் என் செல்வம் தீர்ந்தது. நண்பர்களே, நான் குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது மலர்களையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்க வல்லவன். முப்பது ஆண்டுகள் மாணவர்களை ஒப்பிக்கச் செய்தவன்; பிழைபடச் சொன்னவனைப் பெஞ்சுமேல் ஏற்றியவன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்கள் திண்டாட்டத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். பேரனைப் பார்த்து, “இது சிறுபீளை கண்ணு. இது காக்கணங்கொடி. இத தொட்டுடாத, முள்ளு, கண்டங்கத்திரி” என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றையும் எந்த ஆடு தின்னும், எது தின்னாது, எதை அரைத்துப் புண்ணுக்குப் போடலாம் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து உரையைப் புரட்டினேன். அந்தச் சிறுபீளைதான் கபிலர் பாடிய குரீஇப்பூளை. அந்தக் காக்கணங்கொடிதான் அவருடைய கருவிளை. இரண்டையும் முப்பது ஆண்டுகள் வாயால் சொல்லியிருக்கிறேன். காலால் மிதித்தும் இருக்கிறேன். இரண்டும் ஒன்றென்று அறிந்ததில்லை.

அன்றிரவு நான் நாணினேன். பேரனிடம் நூற்றைம்பத்தொரு பெயர்கள் இருந்தன. அவற்றுக்குரிய உயிர்கள் உலகில் இல்லை. என்னிடம் தொண்ணூற்றொன்பது பெயர்கள் இருந்தன. அவற்றுக்குரிய உயிர்கள் வாசலிலேயே இருந்தும் எனக்கு இல்லை. நான் அவனைவிட எவ்வகையில் உயர்ந்தவன்?

2002ஆம் ஆண்டு மார்ச்சில் ‘சயன்ஸ்’ இதழில் ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் அவர் தோழர்களும் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டனர். பிரிட்டனில் நான்கு முதல் பதினொரு வயது வரையுள்ள 109 பள்ளிப் பிள்ளைகளிடம் இருவகைப் படங்களைக் காட்டினர்: அந்நாட்டில் இயல்பாகக் காணப்படும் செடிகள், விலங்குகள் ஒருவகை, போக்கெமான் உயிர்கள் மற்றொரு வகை. எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கெமான்களில் ஐந்தில் நான்கு பங்கை அறிந்திருந்தனர். மெய்யான உயிர்களில் ஏறத்தாழப் பாதியையே அறிந்திருந்தனர். இதைப் படிப்போர் பலரும் ‘பிள்ளைகள் கெட்டுவிட்டனர்’ என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஆய்வாளர்கள் வேறொன்றையும் சுட்டினர்: உயிர்களைப் பிரித்தறிந்து நினைவில் வைக்கும் ஆற்றல் பிள்ளைகளிடம் அளவின்றி இருக்கிறது. ஆற்றல் குறையவில்லை என்றால், குறைந்தது எது? அவர்கள் முன் நாம் எதை வைத்தோம் என்பதுதான்.

கபிலர் செய்ததும் அதுவே. குறிஞ்சிப்பாட்டில் அம்மலர்கள் பாடப்புத்தகப் பட்டியலாக வரவில்லை. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியாடி, மலைச்சாரல் எங்கும் திரிந்து, கண்ட பூவையெல்லாம் பறித்து வந்து அகன்ற பாறைமேல் குவிக்கிறார்கள். அது விளையாட்டு! தேடுதல், பறித்தல், குவித்தல், பெயர் சொல்லுதல். விளையாட்டை நீக்கிவிட்டுப் பட்டியலை மட்டும் பிள்ளைகள்மேல் சுமத்தியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். அந்தக் கபிலர் தம் இறுதி நாளில் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் கபிலர் குன்று, நமக்கு அருகே திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் நிற்கிறது. அங்கே எத்தனையோ முறை மாணவர்களை அழைத்துச் சென்றேன். கரையில் என்ன பூத்திருக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

குவிப்பது ஒரு பாதி, மறுபாதி வளர்ப்பது. போக்கெமானிலும் அப்படித்தான்: பிடித்ததோடு ஆட்டம் முடியாது, உடன் நடந்து வளர்க்க வேண்டும். அதற்கும் நம்மிடம் பாட்டு உண்டு. நற்றிணை 172ஆம் பாடலை நினைத்துப் பாருங்கள். தோழியரோடு விளையாடிய சிறுமி ஒருத்தி, ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்து போகிறாள். அது முளைத்துவிடுகிறது. பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உன்னைவிடச் சிறந்தது இது, உனக்குத் தங்கை முறை’ என்கிறாள் அன்னை. பிற்காலத்தில் காதலன் வந்தபோது, இம்மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு நாணமாக இருக்கிறது என்கிறாள் தோழி. விளையாட்டில் விழுந்த விதை, உடன் வளர்ந்து, உடன்பிறந்தாள் ஆயிற்று. பிறக்கும்போதே முதுகில் விதையை நட்டுக்கொண்டு அதனோடு வளரும் விலங்கை ஜப்பானியர் எண்ணிப் பார்ப்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு மரத்தோடு வளரும் பெண்ணை இங்கே ஒரு புலவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஆட்டத்தை முற்றும் போற்றிப் பேசுவதாக எண்ண வேண்டா. அது பெருவணிகம். சேவற்சண்டை போல உயிர்களை மோதவிடுவதே அதன் நடை. பிள்ளையின் கண்ணையும் காலத்தையும் அது விழுங்குகிறது என்று நான் ஆறாம் ஆண்டில் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. 2016இல் அது கைப்பேசிக்கு வந்து, தெருக்களிலும் நினைவுச் சின்னங்களிலும் கோயில்களிலும் பூதம் தேடும் ஆட்டமானபோது உலகெங்கும் சிக்கல்கள் எழுந்தன. வழிபாட்டிடங்களில் முட்டையைக் காட்டுகிறது என்று குசராத்து உயர்நீதிமன்றம்வரை வழக்குச் சென்றது. இவையெல்லாம் உண்மை. எனினும் ஒன்று சொல்வேன். அவ்விளையாட்டின் தொலைக்காட்சித் தொடரில் இப்பச்சை விலங்கு முதன்முதலாகத் தோன்றும் கதையில், அது காட்டில் மறைந்த ஒரு சிற்றூருக்குக் காவலாய் நிற்கிறது. வளர்த்தவர்களால் கைவிடப்பட்ட எளிய உயிர்கள் வாழும் ஊர் அது. பின்னொரு கதையில், அடுத்த உருவத்துக்கு வளரும் வாய்ப்பு வந்தும் வேண்டாம் என்று மறுத்து நிற்கிறது. பேரன் எனக்கு இக்கதைகளைச் சொன்னபோது, அவன் அதனிடம் கண்டது சண்டையை மட்டும் அன்று என்பதை உணர்ந்தேன்.

அடுத்த நாள் காலை பேரன் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டான். முதற்பக்கத்தில் ‘எண் 1’ என்று எழுதினான். கீழே கோடு போட்டு, பெயர், கண்ட இடம், என்ன செய்யும் என்று ஆட்டத்தில் உள்ளபடியே கட்டம் வகுத்தான். நான் என் பங்குக்கு நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்: பழம்பெயர். அந்த விடுமுறையின் எஞ்சிய நாள்களிலும், அதன்பின் வந்த இரு விடுமுறைகளிலும், நாங்கள் இருவரும் பாறையடிக்கு வந்து அம்மூதாட்டியைத் தேடுவோம். “ஆயா, இன்னைக்கு ரெண்டாவது புதுசா வேணும்” என்பான் அவன். “இருக்குது வாடா கண்ணு, எங்க ஓடிடப் போவுது” என்பார் அவர். அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதுவான், படம் வரைவான். நான் வீட்டுக்கு வந்து சங்கப் பெயரைத் தேடுவேன். சில கிடைக்கும், சில கிடைக்கா. உரைகளே ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில் கட்டத்தை வெறுமையாக விட்டோம்.

நாற்பத்து மூன்று எண்கள் எழுதினோம். சென்ற தைம்மாதம் அம்மூதாட்டி காலமானார். நாற்பத்து மூன்று என்பது நாங்கள் எழுதிய கணக்கு. அவர் அறிந்திருந்தது எத்தனை என்பதை இனி எவராலும் எண்ண இயலாது. விடுமுறைக்கு வந்த பேரனிடம் செய்தியைச் சொன்னபோது அவன் நோட்டை எடுத்து நாற்பத்து நான்காம் பக்கத்தைத் திறந்தான். சற்றுநேரம் பார்த்துவிட்டு மூடி வைத்தான். அவன் அழவில்லை. ஆனால் அன்று முழுவதும் அந்தப் பொறியையும் தொடவில்லை.

இதனால்தான் தலைப்பை மாற்றிக் கேட்டேன். இவ்வட்டம் பத்தாண்டுகளாக நூல்களைத் திறனாய்ந்திருக்கிறது, கவியரங்கம் நடத்தியிருக்கிறது, மலர் வெளியிட்டிருக்கிறது. பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடு மாடு மேய்ப்போர், களை எடுப்போர், நாட்டு மருந்து அறிந்தோர் இன்னும் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து அவர்களிடம் அனுப்புவோம். எண்ணிட்டு எழுதட்டும், போட்டியிட்டு எழுதட்டும், ஒருவரிடம் இருப்பதை மற்றவரோடு மாற்றிக்கொள்ளட்டும். எப்படி ஆடுவது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. பழம்பெயர் தேடித் தரும் வேலையை நாம் மேற்கொள்வோம். அத்துடன் ஒவ்வொரு பிள்ளையும் தன்னோடு வளர ஒரு விதையை ஊன்றட்டும். புன்னையாய் இருந்தாலும் சரி, புளியாய் இருந்தாலும் சரி.

மகேந்திரவர்மன் தான் எவற்றையெல்லாம் பயன்படுத்தவில்லை என்பதைக் கல்லில் பட்டியலிட்டு வைத்தான். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நாம் அதைப் படித்து வியக்கிறோம். அவன் வேண்டாமென்ற மரமும் செடியும் அதே பாறையின் காலடியில் இன்றும் முளைத்து நிற்கின்றன. அவற்றின் பட்டியல் எங்கும் வெட்டப்படவில்லை. அது சில முதியோரின் நாவில் மட்டும் இருக்கிறது.

என் பேரனின் நோட்டை இன்று கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்தபின் விரும்புவோர் பார்க்கலாம். முதற்பக்கத்தில் செடி இல்லை. முதுகில் விதையோடு அந்தப் பச்சை விலங்கை வரைந்து, அதன் ஜப்பானியப் பெயரை நான் சொன்ன தமிழில் எழுதியிருக்கிறான்: ‘விந்தைதானே?’ இரண்டாம் பக்கத்தில் சிறுபீளை இருக்கிறது. நாற்பத்து நான்காம் எண் வெறுமையாக இருக்கிறது. உங்களில் எவருக்கேனும் ஒரு செடியின் பெயர் தெரிந்தால், அதை அங்கே எழுதிவிட்டுப் போங்கள்.